மூடியில் வைத்த பொட்டு

பணக்காரன் வீட்டுக்குப் போனா செருப்போட சேர்த்து மரியாதையையும் வாசல்லயே கழட்டி வச்சுட்டுப் போகணும்னு எங்க மம்மி சொல்லுவாங்க. 'கூடவே' கம்பெனியில செருப்போட உள்ள விட்டாங்க. போனைத்தான் பிடுங்கி லாக்கர்ல போட்டுப் பூட்டிட்டாங்க.

"ரூல்ஸ் மேடம். உங்க போனுக்கு ஓ.டி.பி. வரும். அதைச் சொன்னாத்தான் பாஸ்" என்றான் செக்யூரிட்டி.

"போன் உன் லாக்கர்ல இருக்கு. ஓ.டி.பி. என்ன, என் மூக்குத்திக்கா வரும்?"

அவன் யோசிச்சான். லாக்கரைத் திறந்தான், போனைக் கொடுத்தான், நம்பரைக் கேட்டான், மறுபடியும் பிடுங்கிப் பூட்டினான். உலகத்துக்கே புத்திசாலித்தனம் விக்கிற கம்பெனிங்க இது!

நான் கேரல். பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன்காரி. சிவாஜிநகர்ல பிரியாணிக் கடைக்கு மேல இருக்கிற துப்பறியும் ஆபீஸ்ல வாயாடுறதுக்குச் சம்பளம் வாங்குறேன். முதலாளி சங்கமித்ரா, எனக்கு மித்ராக்கா. அவங்க பேச வேண்டியதையும் நானே பேசிடுறதால அவங்களுக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைக்குது.

லாபியில ஒரு சுவர் முழுக்க முதலாளி ஸ்ரீஹர்ஷாவோட வாழ்க்கை வரலாறு. மல்லேஸ்வரத்துல பெரிய அரசு அதிகாரியோட பிள்ளையாப் பிறந்தது, அமெரிக்கா போனது, வேலையை உதறிட்டு ஹெப்பகோடியில ஒத்தை ரூம்ல கம்பெனி ஆரம்பிச்சது. அந்த ரூம் போட்டோவுக்குக் கீழே கொட்டை எழுத்துல, 'ஒரு அறை. ஒரு கம்ப்யூட்டர். ஒரு மனிதன்.' போட்டோ ஓரத்துல மட்டும் யாரோ ஒருத்தரோட முழங்கை, உடம்பை வெட்டி எறிஞ்சது போக மிச்சமா நீட்டிட்டிருந்துச்சு.

"அந்தக் கை என் பிள்ளையோடதும்மா."

திரும்பினோம். சோபா ஓரத்துல, மடியில டிபன் கேரியரோட ஒரு அம்மா.

"என் பேரு ரத்தினம்மாள். அந்த ரூம் எங்க வீட்டு மாடிதான். என் பிள்ளை ஹரிஷும் ஸ்ரீ தம்பியும் சேர்ந்துதான் ஆரம்பிச்சாங்க. ரெண்டு பேருக்கும் நான்தான் ஆக்கிப் போட்டேன். இப்ப ஹரிஷ் கம்பெனியை அழிச்சுட்டான்னு போலீஸ் பிடிச்சு வச்சிருக்கு. நாளைக்குக் கோர்ட்டாம், அப்புறம் பரப்பன அக்ரஹாரா ஜெயிலாம். ஸ்ரீ தம்பி ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவாங்க. காலையிலிருந்து உட்கார்ந்திருக்கேன், பாஸ் இல்லைங்கிறாங்க."

மித்ராக்கா அவங்க கையை ஒரு தடவை தொட்டுட்டு லிஃப்டுக்குப் போனாங்க. எங்களைக் கூப்பிட்டிருந்ததே அந்த ஸ்ரீ தம்பிதான்.

* * *

ஸ்ரீஹர்ஷாவுக்கு நாற்பது ஆகலை. சாயம் போன டீ-ஷர்ட், சாயம் போகாத சிரிப்பு. மேஜையில ஒரு திரை, அதுல லாபி தெரியுது. எங்களைப் பார்த்துத் தலையாட்டிட்டு இன்டர்காமை எடுத்தான்.

"அந்தம்மா இன்னும் இருக்காங்களா? லாபி ஏசியைக் கூட்டுங்க. வயசானவங்க, குளிர் தாங்காது, தானா கிளம்பிடுவாங்க."

காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம்னு சொல்ற குரல்ல சொன்னான். பதிலுக்கு நான் வாயைத் திறந்தேன். மித்ராக்கா என் காலை மிதிச்சாங்க.

விஷயத்தை அவனே சொன்னான். பிள்ளைங்களை வெளிநாட்டுக்கு அனுப்பிட்டுத் தனியா கிடக்கிற வயசானவங்களோட பேச ஒரு மெஷின், அதுதான் 'கூடவே'. அதை ஒரு பெரிய வெளிநாட்டுக் கம்பெனி வாங்க இருந்துச்சு. ஆயுத பூஜை அன்னிக்கு மத்தியானம் ஆபீஸ்ல பூஜை. எல்லா லேப்டாப்பையும் மூடி அடுக்கி, பொட்டு வச்சு, படையல் போட்டாங்க. மறுநாள் விஜயதசமி காலையில மறுபூஜை பண்ணிட்டுத்தான் திறக்கணும். ஆயுத பூஜை அன்னிக்குச் சாயந்திரம் ஆபீஸே காலி. அப்போ ஹரிஷோட லேப்டாப்லேருந்து, ஹரிஷோட பாஸ்வேர்டுல, மெஷினோட மூளை மொத்தத்தையும் யாரோ அழிச்சுட்டாங்க. பத்திரத்துக்கு எடுத்து வச்சிருந்த நகலையும் சேர்த்து.

"ஹரிஷ் சாயந்திரம் ஹெல்மெட் மறந்துட்டேன்னு திரும்பி வந்திருக்கான், கேமராவுல இருக்கு" என்றான். "என் உயிர் நண்பன். மனசு வலிக்குது. ஆனா போர்டுக்கு ஒரு வெளியாள் விசாரணை வேணும். எங்க தொழில்ல ஒரு பழக்கம் இருக்கு. எதைக் கட்டி முடிச்சாலும் வெளியாளை விட்டு ஓட்டை தேடச் சொல்லுவோம். கண்டுபிடிச்சா பரிசு. தேடுங்க. எது கிடைச்சாலும் முதல்ல என்கிட்ட சொல்லணும், அவ்வளவுதான்."

ஹரிஷ் லேப்டாப் இருந்த கண்ணாடி ரூம் முன்கதவுல போலீஸ் சீல். இன்ஸ்பெக்டர் ரங்கநாதன் பக்திமான், பூஜை போட்ட பொருளைத் தொடக் கூடாதுன்னு அப்படியே விட்டுட்டுப் போயிருந்தாரு. பான்ட்ரி வழியா, கேமரா இல்லாத ஒரு பின்கதவு இருக்கிறது அவர் கண்ணுல படலை. சுத்தம் பண்ற மகா அந்த வழியா எங்களை உள்ளே விட்டா.

வெளியே ஹால்ல மத்தவங்க லேப்டாப்புங்க. மூடியும் அடிப்பாகமும் சேர்ற விளிம்புல, சரியா நடுவுல, சந்தனமும் குங்குமமும். திறந்து வேலை பார்த்ததுல எல்லாப் பொட்டும் ரெண்டா உடைஞ்சு, பாதி மேலே பாதி கீழே ஒட்டிட்டிருந்துச்சு. ஹரிஷோடது மட்டும் முழுசா, அழகா இருந்துச்சு.

"சீல் மாதிரியே வச்சிருக்காங்க" என்றேன். "ரங்கநாதன் சார் சீலை விட இது ஸ்ட்ராங்."

"இதுதான் தப்பு, கேரல்."

"ஏங்க்கா, நல்லாத்தானே இருக்கு?"

"பூஜைக்கு அப்புறம் இதைத் திறந்துதான் எல்லாத்தையும் அழிச்சாங்க. திறந்தா பொட்டு உடையணும். உடைஞ்ச பொட்டைத் துடைச்சுட்டு யாரோ புதுசா வச்சிருக்காங்க, மறுநாள் பூஜையில யாருக்கும் சந்தேகம் வராம இருக்க. மோந்து பாரு."

பெங்களூர்ல போலீஸ் நாய்க்கு வேலை இல்லாம போனதே என் மூக்காலதான். குனிஞ்சேன். சந்தனம். அதுக்குள்ள பச்சைக் கற்பூரம். எங்க தெரு ஐயங்கார் மாமி பெருமாள் கோயில் தீர்த்தம் கொண்டாந்து கொடுப்பாங்க, நான் ஜெபமாலையும் கையுமா வாங்கிக் குடிப்பேன், அந்த வாசனை. ஹால்ல இருந்த உடைஞ்ச பொட்டுலயும் அதே வாசனைதான்.

"கடைப் பொடி இல்லை. வீட்ல அரைச்சது" என்றேன்.

மித்ராக்கா மகா பக்கம் திரும்பினாங்க. "அன்னிக்குப் பொட்டு வச்சது யாரும்மா?"

"சாரோட அம்மா. ஒவ்வொரு வருஷமும் பெரியம்மாதான் வந்து வைப்பாங்க."

"சந்தனக் கிண்ணம் எங்கே?"

"வெள்ளிக் கிண்ணம் மேடம். பூஜை முடிஞ்சதும் கையோட எடுத்துட்டுப் போயிட்டாங்க."

மித்ராக்கா என்னைப் பார்த்தாங்க. ஹெல்மெட் எடுக்க வந்த ஹரிஷுக்கு அந்தச் சந்தனம் எங்கிருந்து கிடைச்சிருக்கும்?

* * *

மல்லேஸ்வரத்துல வீடு. ஸ்ரீஹர்ஷாவோட அப்பா, செத்துப்போன அதிகாரி வைத்தீஸ்வரனோட பேர் இன்னும் கேட்ல பளபளன்னு இருந்துச்சு. அவனோட அம்மா ருக்கு மாமி கதவைத் திறந்த வேகத்தைப் பார்த்தா, பேச ஆள் கிடைச்சு ரொம்ப நாளாச்சுன்னு தெரிஞ்சுது.

"வாங்கோ வாங்கோ! ஸ்ரீ ஆபீஸ்லேர்ந்தா? அவன் வரலையா? சரி, அவனுக்கு எங்கே நேரம்! உட்காருங்கோ, காப்பி கலக்கறேன்."

"உங்களுக்குப் பேச்சுத் துணைக்கு அந்த மெஷின் இருக்குமே மாமி?" என்றேன்.

"அதையேன் கேக்கறேள்! போன்ல போட்டுக் கொடுத்திருக்கான். நேத்திக்கு அதுகிட்ட முழங்கால் வலிக்கறதுன்னேன். 'எங்க பாட்டிக்கும் அப்படித்தான், விளக்கெண்ணெய் தடவுங்க'ன்னுது. மெஷினுக்கு ஏதும்மா பாட்டி?"

மூளை அழிஞ்ச மெஷின் நேத்திக்கு எப்படிப் பேசுச்சுன்னு மித்ராக்கா என் காதுல கிசுகிசுத்தாங்க. அப்புறம் சந்தனம் ரொம்ப அருமைன்னு ஆரம்பிச்சாங்க. போதுமே! மாமி கல்லைக் காட்டினாங்க, கட்டையைக் காட்டினாங்க, வெள்ளிக் கிண்ணத்தைக் காட்டினாங்க.

"நானே அரைச்சது. பச்சைக் கற்பூரம் ஒரு சிட்டிகை. பொட்டை மூடி விளிம்புலதான் வைப்பேன். மறுநாள் வரைக்கும் எவனும் திறக்கப்படாது பாருங்கோ!"

"பூஜை முடிஞ்சு கிண்ணத்தை யாருக்காவது கொடுத்தீங்களா?"

"வெள்ளியாச்சே, யாருக்குக் கொடுப்பேன்? நேரா ஆத்துக்கு எடுத்துண்டு வந்துட்டேன்." மாமி முகம் மலர்ந்துச்சு. "சாயங்காலம் ஸ்ரீ ஒருத்தன்தான் வந்து கொஞ்சம் சந்தனம் கேட்டு வாங்கிண்டு போனான். காருக்குப் பொட்டு வைக்க மறந்துட்டேன்னான். அமெரிக்கா போயிட்டு வந்தவன், அந்தப் பக்தியைப் பாருங்கோ! எத்தனை அம்மாவுக்குக் கிடைக்கும் இப்படி ஒரு பிள்ளை?"

மாதாவே! பிள்ளையோட தலைமேல கையை வச்சு ஆசீர்வாதம் பண்ற மாதிரியே கழுத்துல கயித்தை மாட்டிட்டாங்க. 

* * *

இன்ஸ்பெக்டர் ரங்கநாதனுக்குப் புரிய வைக்க மத்தியானம் ஆயிடுச்சு. ஒரு கான்ஸ்டபிளையும் கூட்டிட்டுக் கிளம்பி வந்தாரு. ஆனா ஆபீஸ் வாசல்ல செக்யூரிட்டி அவர் போனையும் வாங்கிப் பூட்டிட்டு, அதுக்கு அப்புறம் ஓ.டி.பி. கேட்டான். ரங்கநாதன் கன்னடத்துல அவனோட பரம்பரையை விசாரிக்க ஆரம்பிச்சாரு. நாங்க ரெண்டு பேரும் முன்னால மேலே போனோம்.

பின்கதவு வழியா கண்ணாடி ரூமுக்குள்ள போனா, ஸ்ரீஹர்ஷா தனியா உட்கார்ந்திருந்தான். முன்னால ஹரிஷோட லேப்டாப். மூடி பளிச்சுன்னு இருந்துச்சு. பொட்டு இல்லை.

"ஹவுஸ்கீப்பிங் துடைச்சுட்டாங்க" என்றான். "என்ன பண்றது, சுத்தம்னா சுத்தம். அந்தப் பொண்ணு மகாவை வேலையை விட்டு அனுப்பிட்டேன்."

"மாமி போன் பண்ணினாங்களா?" மித்ராக்கா கேட்டாங்க.

"நீங்க கேட் தாண்டினதுமே. 'உன் பக்தியைப் பத்திப் பெருமையாச் சொன்னேண்டா'ன்னாங்க." கையைத் தட்டினான், மெதுவா. "சூப்பர் மேடம். நிஜமாவே. போலீஸ் கண்டுபிடிக்காத ஓட்டை. உங்களை எதுக்குக் கூப்பிட்டேன்னு நினைச்சீங்க? ஹரிஷைப் பிடிக்கவா? அவனைத்தான் பிடிச்சாச்சே! நான் கட்டினதுல எங்கே ஓட்டைன்னு எனக்குத் தெரியணும். கண்டுபிடிச்சீங்க. அடைச்சுட்டேன். பரிசு உங்க அக்கவுண்டுக்கு வந்துடும்."

"ஏன்யா இப்படி?" என்னால அடக்க முடியலை. "நீயே வளர்த்ததை நீயே கொல்றியா?"

"எதைக் கொன்னேன்? அந்த மெஷின் என்னிக்குமே இல்லைங்க. ஹெப்பகோடியில ஒரு கல்யாண மண்டபம், அதுல பொண்ணுங்க உட்கார்ந்து டைப் பண்றாங்க. எங்கம்மாவே அதுங்களோடதான் பேசிட்டிருக்காங்க. வாங்க வந்தவங்க மூளையைத் திறந்து காட்டச் சொன்னாங்க. இல்லாததை எப்படிக் காட்ட? அழிஞ்சு போனதை யாரும் காட்டச் சொல்ல மாட்டாங்க. ஹரிஷ் உண்மையைச் சொல்லிடலாம்னு அழுதான். அழுறவனை வச்சுக் கம்பெனி நடத்த முடியாது. பாவம், ஹெப்பகோடி ரூம்ல ரெண்டு பேரும் வச்ச பாஸ்வேர்டைக்கூட அவன் மாத்தலை."

"அவங்கம்மா கீழே உட்கார்ந்திருக்காங்க. அவங்க சோறு..."

"நல்லா சமைப்பாங்க" என்றான்.

என் கை ஃப்ளவர் வாஸைத் தேடுச்சு. மித்ராக்கா என் மணிக்கட்டைப் பிடிச்சாங்க. அதே நேரம் சீலை உடைச்சு முன்கதவைத் திறந்துட்டு ரங்கநாதனும் கான்ஸ்டபிளும் வந்தாங்க. ஸ்ரீஹர்ஷா பக்கத்து ரூமைப் பார்த்து, "அம்மா, வா" என்றான்.

ருக்கு மாமி வந்தாங்க. பட்டுப் புடவை. காலையில பார்த்த முகம் இல்லை. எங்களைப் பார்க்கவே இல்லை.

"அம்மா, இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லு. சந்தனக் கிண்ணத்தை அன்னிக்கு ஆபீஸ்லயே மறந்து வச்சுட்டுப் போயிட்டே. அப்புறமாத்தான் டிரைவர் கொண்டாந்து கொடுத்தான். நான் வீட்டுப் பக்கமே வரலை."

"ஆமா" என்றாங்க மாமி. தரையைப் பார்த்தாங்க. "மறந்துட்டேன். இங்கேதான் இருந்தது."

முடிஞ்சுது. கிண்ணம் இங்கே இருந்திருந்தா ஹரிஷும் எடுத்து வச்சிருக்கலாம். ரங்கநாதன் எங்களை ஒரு பார்வை பார்த்தாரு. 

மித்ராக்கா மட்டும் நிதானமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாங்க. "அப்போ எனக்கு ஒரு சந்தேகம் இன்ஸ்பெக்டர். அன்னிக்குப் பூஜைக்கு வந்து ஒவ்வொரு லேப்டாப்பையும் தொட்டது இந்தம்மாதான். கிண்ணம் இவங்களோடது, சந்தனம் இவங்க அரைச்சது, பொட்டு வைக்கிற கையும் இவங்களோடது. காலையில எங்ககிட்ட ஒண்ணு சொன்னாங்க, இப்ப வேற சொல்றாங்க. நீங்க முதல்ல விசாரிக்க வேண்டியது ஹரிஷையா, இவங்களையா?"

அக்காவுக்குப் பைத்தியமான்னு நினைச்சேன். அப்புறம்தான் அவங்க மாமியைப் பார்க்கலை, மகனைப் பார்த்துட்டிருக்காங்கன்னு கவனிச்சேன்.

ஸ்ரீஹர்ஷா யோசிச்சான். அவன் முகத்துல கணக்கு ஓடுறது தெரிஞ்சுது. அவனுக்கு ரொம்ப நேரம் பிடிக்கலை.

"எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்துச்சு சார்" என்றான். குரல்ல வருத்தத்தைக்கூட அளவாத்தான் கலந்தான். "அம்மாவுக்கு வயசாச்சு. சில சமயம் ஞாபகம் இல்லாம ஏதேதோ பண்றாங்க. ஹரிஷ் ஏதாவது சொல்லி இவங்களை விட்டே திறக்க வச்சிருக்கலாம். விசாரிங்க. அம்மாவா இருந்தாலும் சட்டம் ஒண்ணுதான்."

மாமி நிமிர்ந்தாங்க. "ஸ்ரீ, எனக்கு அதை எப்படித் திறக்கணும்னுகூடத் தெரியாதேடா."

"கொஞ்சம் பேசாம இரும்மா. வக்கீல் பார்த்துப்பார். உன்னையெல்லாம் உள்ள வைக்க மாட்டா."

"வச்சுட்டா?"

அவன் வாட்சைப் பார்த்தான்.

அந்த ஒரு பார்வைதான். மாமி புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திட்டு ரங்கநாதன் பக்கம் திரும்பினாங்க.

"நான் சொன்னது பொய், சார். கார்ல வரச்சே இவன் சொல்லிக் கொடுத்தான், சொன்னேன். கிண்ணத்தை நான் அன்னிக்கே ஆத்துக்கு எடுத்துண்டு போயிட்டேன். சாயங்காலம் இவன் வந்தான். கிண்ணத்தைத் தர மாட்டேன்னேன். என் குங்குமச் சிமிழ்ல ஒரு பக்கம் சந்தனத்தை வழிச்சுண்டு போனான். என் கல்யாணத்துக்குப் போட்ட சிமிழ், என் பேர் பொறிச்சிருக்கும். திருப்பித் தரலை. கார்லதான் கிடக்கும், பாருங்கோ. சின்னதுலேர்ந்தே இவன் எதையும் எடுத்த இடத்துல வச்சதில்லை."

"அம்மா!"

"காரை முதல்ல பாருங்கோ" என்றாங்க மாமி, அவனைப் பார்க்காமலே.

கான்ஸ்டபிள் போயிட்டு வந்தாரு. கர்சீப்புல ஒரு வெள்ளிச் சிமிழ். உள்ளே காய்ஞ்ச சந்தனம், பச்சைக் கற்பூர வாசனை. கூடவே, துடைச்ச பொட்டோட ஒரு டிஷ்யூ, அதே இடத்துல சுருட்டிக் கிடந்திருக்கு. குப்பைத்தொட்டியில போடக்கூட ஆள் வேணும் இந்தப் பெரிய மனுஷனுக்கு!

"சூப்பர் சார்" என்றேன் நான். "இந்த ஓட்டையை அடைக்க ஆள் இருக்கா?"

அவன் என்னைக் கவனிக்கலை. "நீயே என்னை முடிச்சுட்டியே" என்றான் அம்மாகிட்ட.  ரங்கநாதன் அவன் தோள்ல கையை வச்சாரு.

* * *

லாபியில ஐஸ் பெட்டி மாதிரி குளிர். ரத்தினம்மாள் போகலை. முந்தானையைத் தலையோட போர்த்திக்கிட்டு, கேரியரைக் கட்டிப் பிடிச்சு நடுங்கிட்டிருந்தாங்க.

மித்ராக்கா அவங்க முன்னால குனிஞ்சாங்க. "உங்க பையன் வீட்டுக்கு வந்துடுவாரும்மா. இன்ஸ்பெக்டரே சொல்லிட்டாரு."

அந்தம்மா எழுந்து கையெடுத்துக் கும்பிட்டாங்க. எங்களை இல்லை, சுவர்ல இருந்த போட்டோவை. "ஸ்ரீ தம்பி சொல்லிட்டாரா! எனக்குத் தெரியும்மா. என் கையால சாப்பிட்ட பிள்ளை, கைவிடுமா? இந்தாங்க, அவருக்குப் பிடிச்ச வத்தக்குழம்பு. கொடுத்துடுங்கம்மா."

 கேரியரை வாங்கிக்கிட்டேன்.

லிஃப்ட் திறந்துச்சு. ருக்கு மாமி தனியா வந்தாங்க. வாசல் வரைக்கும் போக முடியலை போல, சோபாவுல ரத்தினம்மாள் பக்கத்துலயே உட்கார்ந்துட்டாங்க. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் அதுக்கு முன்னால பார்த்ததே இல்லை. ரத்தினம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தாங்க. சந்தோஷத்துல அவங்களுக்கு யார்கிட்டயாவது பேசணும்.

"நீங்களும் பிள்ளையைப் பார்க்கவாம்மா வந்தீங்க?"

"ஆமா."

"பாஸ் கொடுத்தாங்களா?"

"கொடுத்தா."

"பார்த்துட்டீங்களா?"

மாமி சுவர்ல இருந்த மகனோட போட்டோவை நிமிர்ந்து பார்த்தாங்க.

"இன்னிக்குத்தான் பார்த்தேன்" என்றாங்க.